அசல் வர எண்பத்தைந்து படம்

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். புதுச்சேரியில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மேற்கே திண்டிவனம் பக்கம் மேகம் கறுத்திருந்தும் காற்று துளியும் அசையவில்லை. கணினிச் சாமான்கள் விற்கும் கடையொன்றின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. செங்கல்லைவிடச் சற்றே அகலம், உயரத்தில் அதில் பாதி. சினிமா டிவிடியை வெற்று டிஸ்க்கில் காப்பி எடுக்கும் கருவி அதற்குள் இருந்தது. டிவிடி ரைட்டர் என்று அதற்குப் பெயர். விலை மூவாயிரத்து நானூறு. கடைக்காரர் பெட்டியை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளி, "பில் போட்ரலாங்களா சார்? ஒரு வருஷம் வாரண்டி இருக்குது. அடுத்த ஆகஸ்ட்டு வரைக்கும் எது ஆனாலும் அப்படியே மாத்திக் குடுத்துடுவோம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஆகஸ்ட்டை அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அன்று காலை பதினொன்றரை மணிக்கு, அதே ஊரின் பெரிய மருத்துவமனையில், என் மனைவிக்கு இனி ஆறு மாதம் இருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

அதற்கு முன் இரண்டு முறை அவளை அந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மூன்றாம் முறை, பரிசோதனை முடிவை வாங்குவதற்கு, தனியாகப் போனேன். மரக்காணத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் குலுங்கினால் அவளுக்கு வலி கூடும் என்று காரணம் சொன்னேன். வயிற்றில் புண் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நானும், வானூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகளும். புண் ஆற நாளாகும், காரம் சேர்க்காதே, படுத்தே இரு என்றோம். அவள் காரம் சேர்க்காமல் படுத்தே இருந்தாள். மறுகேள்வி கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் என்னிடம் எல்லாவற்றுக்கும் மறுகேள்வி கேட்டவள் இதற்கு மட்டும் கேட்காதது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் அதை மருந்தின் அசதி என்று எடுத்துக்கொண்டேன்.

படுத்திருந்தவளுக்கு இருந்த ஒரே பொழுது படம் பார்ப்பது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஒரு டிவிடி பிளேயர் அனுப்பியிருந்தான். போகும் முன் அவன் பயன்படுத்திய கணினி ஒன்றும் துணி போர்த்தி வீட்டு மூலையில் இருந்தது. அவள் படம் பார்ப்பதைப் பார்ப்பதே ஒரு படம். அழுகைக் கதைகள் அவளுக்கு ஆகாது. "அழுவறதுக்குக் காசு குடுத்து வாடகைக்கு எடுத்துக்கினு வரணுமா? சும்மாவே அழுவலாமே" என்பாள். அவளுக்கு வேண்டியது சண்டை, போலீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோர்ட்டு. வக்கீல் மேசையைத் தட்டிப் பேசும்போது தலையணையில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்காருவாள். பொய்ச்சாட்சி சொல்பவனைப் பார்த்து, "சொல்றான் பாரு, வாயில புழு வைக்க" என்று திட்டுவாள். உடம்புக்கு வந்த பிறகு ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. பாதிப் படத்தில் மருந்து கண்ணைச் செருகிவிடும். மீதி மறுநாள் பிற்பகல். ஆக ஒரு படத்துக்கு இரண்டு நாள். வேலை பார்த்த பழக்கம், எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. உப்பளத்து எடைமேடையில் முப்பத்து நான்கு வருடம் கணக்கராக இருந்தவன் நான்.

படங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த வீடியோ லைப்ரரியிலிருந்து வாடகைக்கு வந்தன. அதை நடத்தியவர் முன்பு உப்பு லாரி ஓட்டியவர். என் எடைமேடையில் ஆயிரம் தடவை வண்டியை ஏற்றி இறக்கியவர். அந்தப் பழக்கத்தில் கடைசிவரை என்னைக் கணக்கரே என்றுதான் கூப்பிட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவர் கடையை மூடப்போவதாகச் சொன்னார். சுனாமிக்குப் பிறகு குப்பங்களிலிருந்து வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மற்றவர்கள் புதுச்சேரி நடைபாதையில் டிஸ்க்கை விலைக்கே வாங்கிவிடுகிறார்கள். செப்டம்பர் முதல் அதே இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைக்கிறார். படங்களையெல்லாம் மொத்தமாகத் திண்டிவனத்து வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிடப் பேசி முடித்தாயிற்று.

"அக்காவுக்கு என்னா பண்றதுன்னுதான் யோசிக்கிறேன் கணக்கரே. ஒன்னு பண்ணுங்க. பாண்டியில ஒரு ரைட்டர் வாங்கிப் போட்டுடுங்க. முப்பத்தொன்னாந்தேதி வரைக்கும் கடையில இருக்குறது எதை வேணும்னாலும் எடுத்துக்கினு போயி காப்பி போட்டுக்குங்க. எனக்குக் காசே வேணாம்."

"போலீஸ்காரன் பிடிச்சான்னா?"

"உங்களையா? நீங்க எடை போட்டுக் குடுத்த சீட்டைப் பார்த்தாலே செக்போஸ்ட்ல வண்டியை வுட்டுடுவாங்க. உங்களை எவன் பிடிக்கப்போறான்?"

இதை வீட்டில் சொன்னபோது அவளும் சிரித்தாள். "என் கட்டில்ல படுத்துக்கினு நான் பாக்கறதுக்குப் போலீஸ் வருமா? வந்தா உக்காந்து பாத்துட்டுப் போவட்டும். துணைக்கு ஆள் ஆச்சு." பிறகு, "புதன், வியாழன்ல ஆஸ்பத்திரிக்குப் போறீங்க இல்ல, அந்த மிஷினு என்னா வெலைன்னு கேட்டுக்கினு வாங்க. கேக்கத்தான் சொல்றேன். வாங்கச் சொல்லல" என்றாள்.

நான் கேட்க மட்டுமே போனேன். மருத்துவமனையில் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "எத்தனை நாள் சார்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைச் சிலர் கேட்கவே மாட்டார்களாம். மகள் பிறகு சொன்னாள். எனக்குக் கேட்காமல் எழுந்திருக்கத் தெரியவில்லை. "ஆறு மாசம் வெச்சுக்கலாம்" என்றார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டேன். முழுக்கச் சாப்பிட்டேன். பின் மருந்துக் கடையில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். அதன் பிறகும் அவள் சொன்ன வேலை ஒன்று பாக்கியிருந்தது. விலை கேட்பது.

கணக்கு எளிதானது. நடைபாதையில் ஒரு படம் அறுபது ரூபாய். வெற்று டிஸ்க் இருபது ரூபாய். வீட்டிலேயே காப்பி எடுத்தால் படத்துக்கு நாற்பது ரூபாய் மிச்சம். மூவாயிரத்து நானூறை நாற்பதால் வகுத்தால் எண்பத்தைந்து. அவள் எண்பத்தைந்து படம் பார்த்தால் கருவிக்குப் போட்ட அசல் வந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு படம் என்று ஆறு மாதத்துக்குத் தொண்ணூறு படம். ஆக வாங்கலாம். கடைக்காரரிடம் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது கை தானாகக் கழிவைக் கழித்தது. பாத்தியிலிருந்து புதிதாக வாரி வந்த உப்பில் தண்ணீர் இருக்கும். எடைமேடையில் நூறு கிலோ நின்றால் நூறு என்று எழுதமாட்டோம். ஈரக்கழிவு பத்துக் கிலோ போகத் தொண்ணூறு என்றுதான் எழுதுவோம். வடிய வேண்டியது எப்படியும் வடியும். அதை முதலிலேயே கழித்துவிட்டால் பின்னால் வருத்தமில்லை. முப்பத்து நான்கு வருடம், ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்த வேலை. டாக்டர் சொன்ன நூற்றெண்பது நாளிலும் நான் அதையே செய்தேன். பதினெட்டு போக நூற்று அறுபத்திரண்டு நாள். எண்பத்தோரு படம். அசலுக்கு நான்கு படம் குறைகிறது.

இதுவரை கணக்குதான். இதன் பிறகு நான் பத்து நிமிடம் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் கணக்குக் காரணமில்லை. வாங்காமல் வீட்டுக்குப் போனால் அவள் ஏன் என்று கேட்பாள். விலை அதிகம் என்றால் எவ்வளவு என்பாள். கட்டாது என்றால் எப்படிக் கட்டாது என்பாள். எண் இல்லாமல் நான் ஒரு காரணமும் சொன்னதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டால், கட்டாமல் போவதற்கு ஒரே வழிதான் உண்டு. அவள் இருக்கப்போகும் நாள் குறைவு என்பதைத் தவிர அந்தக் கணக்கில் வேறு ஓட்டை கிடையாது. வெறுங்கையோடு போவது அவளிடம் விஷயத்தைச் சொல்வதற்குச் சமம். பெட்டியோடு போனால், நீ இருப்பாய் என்று சொன்னதாகும். நான் பில் போடச் சொன்னேன். வெற்று டிஸ்க் நூறும் சேர்த்து வாங்கினேன். ஐயாயிரத்து நானூறு ரூபாய். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மழை வந்தால் நனையுமே, எவனாவது தட்டிக்கொண்டு போனால் என்னாவது, உள்ளே உண்மையிலேயே கருவி இருக்கிறதா என்றெல்லாம் மரக்காணம் வரும்வரை கவலைப்பட்டேன். அந்தச் சின்னக் கவலைகள் அன்று எனக்குப் பெரிய உதவி.

அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கேக்கச் சொன்னா வாங்கிக்கினே வந்துட்டீங்களா? டாக்டர் என்னா சொன்னாரு?"

"புண்ணு ஆறிக்கினு வருதாம். மாத்திரை குடுத்திருக்காரு."

அவள் தலையசைத்தாள். "இது எவ்ளோ?"

"மூவாயிரத்து நானூறு."

"யப்பா. எத்தினி படம் பாத்தா அசல் வரும்?"

"எண்பத்தஞ்சு" என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். யாராவது எண்ணைக் கேட்டால் சரியான எண்ணைச் சொல்வது மூச்சுவிடுவது போல எனக்கு. நாற்பது என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது என்றாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதை மாற்றிச் சொல்லத் தெரிந்தவனுக்கு இதை மாற்றத் தெரியவில்லை. அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ரெண்டு நாளைக்கு ஒன்னுன்னா தை கடைசி ஆயிடும்" என்றாள். பிறகு, "வேணாம். நான் தெனம் ஒன்னு பாத்துடறேன். தீபாவளி தாண்டி ஒரு பத்து நாள்ல முடிஞ்சிடும்" என்றாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்ன அவசரம் என்று அவளைக் கேட்டிருக்க வேண்டும். புண் ஆறிக்கொண்டு வருகிறவளுக்குத் தை மாதம் ஏன் தூரமாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிக் கைகால் கழுவப் போனேன்.

மறுநாள் லைப்ரரிக்காரர் திருப்புளியோடு வந்து கணினியைத் திறந்து கருவியைப் பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதக் கடைசிவரை பதின்மூன்று நாள் நான் செய்த வேலையை உத்தியோகத்தில்கூடச் செய்ததில்லை. காலையில் ஏழு படம் ஒரு பையில் எடுத்துவருவேன். மாலையில் திருப்பிக் கொடுப்பேன். ஒரு படம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் அந்த டிஸ்க் வீண். அப்படி ஒன்பது வீணாயின. தொண்ணூற்றொன்று தேறின. தெருவில் ஏதாவது ஜீப் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன். அவள் கட்டிலிலிருந்தே, "திருட்டு சிடி முதலாளி, உள்ள வாங்க, யாருமில்ல" என்பாள். என்னென்ன படம் வேண்டும் என்று அவளைத்தான் கேட்டேன். "நீளமானது வேணாம்" என்று மட்டும் சொன்னாள். கட்டிலுக்கு இடப்பக்க அலமாரித் தட்டில் பார்க்காத படங்கள். வலப்பக்க ஜன்னல் மேடையில் பார்த்தவை. அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். எடை போடாத மூட்டை ஒரு வரிசை, போட்ட மூட்டை ஒரு வரிசை, எடைமேடையில் அப்படித்தான்.

செப்டம்பர் முழுவதும் அவள் வாக்குத் தவறவில்லை. மருந்தை மாலைக்குத் தள்ளிப்போட்டு, வலியோடு விழித்திருந்து, தினம் ஒரு படம் பார்த்து முடித்தாள். மருந்து தள்ளிப்போனது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மாத்திரையை எண்ணியபோது, விட்டுப்போன வேளைகளின் மாத்திரை கூடுதலாக இருந்தது. திட்டினேன். "மாத்திரை போட்டா தூக்கம் வருது. தூங்கினா படம் ஓடுது, கணக்கு ஓட மாட்டேங்குது" என்றாள். முன்பு போல அவள் வில்லனைத் திட்டவில்லை, நிமிர்ந்து உட்காரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அளந்து கொடுத்த பாத்தியை இருட்டுமுன் வாரி முடிக்கவேண்டியவள் முகம் அப்படித்தான் இருக்கும். எங்களுக்குள் ஒரு வழக்கும் வந்தது. விலை மலிவான டிஸ்க்குகள். சில படங்கள் கடைசிக் கால்மணி நேரத்தில் சிக்கி நின்றுவிடும். முடிவு வராத படத்தைப் பார்த்த கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்றேன்.

"அரையா போட்டுக்குங்க."

"அரைன்னு ஒரு கணக்குக் கிடையாது. ஒன்னு இல்லைன்னா பூஜ்யம்."

"நல்ல மனுஷன்யா நீ. அப்ப போயி முடிவு என்னான்னு கேட்டுக்கினு வாங்க. கேட்டுட்டா முழுசுதான?"

நான் ரீசார்ஜ் கடைக்கு நடப்பேன். லைப்ரரிக்காரருக்கு அத்தனை படத்தின் முடிவும் மனப்பாடம். கையில் கார்டைச் சுரண்டிக்கொண்டே, யார் செத்தான், யார் மாட்டினான் என்று சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டு வந்து கட்டிலருகில் நின்று ஒப்பிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "சரி, அந்தாண்ட வைங்க" என்பாள். நான் டிஸ்க்கை எடுத்து ஜன்னல் மேடையில் வைப்பேன். அந்த வாரங்களில் நாங்கள் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி இதுதான். வேறு பேச்சுக்கு இரண்டு பேருமே இடம் வைக்கவில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு மழை அளவில் நிற்கவில்லை. உப்புப் பாத்திகளெல்லாம் ஒரே ஏரியாயின. கீற்றுப் போட்டு மூடியிருந்த உப்புக் குவியல்கள் அடியில் கரைந்து சரிந்தன. மின்சாரம் வந்தது கொஞ்ச நேரம், போனது அதிக நேரம். தீபாவளியன்று நாற்பத்தொன்பது. பத்து நாள் கழித்து, அவள் வைத்த கெடு நாளில், ஐம்பத்து நான்கு. அவளுக்கு வயிறு வீங்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து, "போடுங்க, போடுங்க" என்பாள். போட்டால் கால்மணியில் தலை சாய்ந்துவிடும். விழித்ததும் முதல் கேள்வி, "எத்தினி ஆச்சு?" நான் சொல்வேன். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. "இன்னும் இருவத்தெட்டா" என்று சொல்லிக் கூரையைப் பார்ப்பாள். ஞாயிறுதோறும் வரும் மகள் அதைக் கேட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். "டிவியை எடுத்து மூலையில வைங்கப்பா. அம்மா அத பாக்கலப்பா, கடன் அடைக்குது" என்றாள் என்னிடம். எனக்கும் தெரிந்தது. நிறுத்து என்று நான் எப்படிச் சொல்வேன்? ஏன் என்று அவள் கேட்பாளே. முதல் நாள் கடையில் நின்ற அதே இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி பிற்பகல், அவள் தூங்கும்போது, நான் இடப்பக்கத் தட்டிலிருந்து இரண்டு டிஸ்க்கை எடுத்து வலப்பக்க மேடையில் வைத்தேன். எடைமேடையில் இதைத் தலைகீழாகச் செய்வது பழைய திருட்டு. எடை போட்ட மூட்டையை எடை போடாத வரிசைக்கு நகர்த்தி இரண்டாம் தடவை கூலி வாங்கப் பார்ப்பார்கள். ஈரத்தரையில் காலடி பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கதைகளை அவளிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். விழித்து எத்தனை என்று கேட்டாள். "அறுபத்திரண்டு" என்றேன். அவள் ஜன்னல் மேடையைப் பார்த்தாள். மறுநாள் மூன்று நகர்த்தினேன். ஒரு நாள் அவள் உண்மையாகவே ஒரு படம் பார்த்துவிட்டாள், அன்றைக்கு ஒன்று போதுமானதாக இருந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மேடையில் எண்பத்தைந்து இருந்தன. மழை விட்டிருந்தது. மின்சாரமும் இருந்தது. டிவியில் ஏதோ ஒரு சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டி மேடையில் மேலாக இருந்த டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது கோர்ட்டுப் படமாச்சே. கடைசியில பாக்கலாம்னு அடியில வெச்சிருந்தேன். இத நான் எப்பப் பாத்தேன்?"

"திங்கக்கிழமை. மருந்து மயக்கத்துல இருந்த. ஞாபகம் இருக்காது."

என்னைப் பார்த்தாள். அவளுடைய கண் மஞ்சளாகியிருந்தது. "நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுன்னு நீதான சொன்ன."

"பொய்ச்சாட்சி சொன்னவன் மாட்டினானா?"

"மாட்டினான்" என்றேன்.

"வக்கீலு மேசையத் தட்டினானா?"

"தட்டினான்."

"அப்ப சரி" என்று டிஸ்க்கை என்னிடமே கொடுத்தாள். நான் அதை இருந்த இடத்தில் வைத்தேன். "இதோட எத்தினி?"

"எண்பத்தஞ்சு. அசல் வந்துடுச்சு."

"வந்துடுச்சா" என்றாள். பெருமூச்சு ஒன்று விட்டாள். "அப்ப அத நிறுத்துங்க. ரொம்ப நாளா அந்தச் சத்தம் தலையில குத்துது."

ரிமோட் கைக்குக் கிடைக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் சுவிட்சையே அணைத்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் படம் ஓடவில்லை. அவள் மருந்தை வேளைக்குச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, போய்விட்டாள். நான் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து நூற்றுப்பத்து நாள். டாக்டர் சொன்னதும் தப்பு, பத்துக்கு ஒன்று என்று நான் கழித்ததும் தப்பு. அவள் தீபாவளி தாண்டி என்று சொன்னதுதான் ஏறக்குறையச் சரியாக இருந்தது. அவள் வயிற்றை அவளைவிட யார் எடை போட்டிருக்க முடியும்?

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, மகள் ஜன்னல் மேடையைத் துடைக்க டிஸ்க்குகளை எடுத்தாள். நான் அவளை நிறுத்தி, அவள் அம்மா பார்க்காதவற்றைப் பொறுக்கித் திரும்ப இடப்பக்கத் தட்டில் அடுக்கினேன். இருபத்து நான்கு. முன்பே அங்கிருந்தவை ஆறு. முப்பது. "அந்த மீதியை நீங்க உக்காந்து பாருங்கப்பா. பொழுதும் போவும், நீங்க சொல்ற அசலும் வந்துடும்" என்றாள் மகள். நல்லெண்ணத்தில் சொன்னாள். ஒருநாள் மதியம் கோர்ட்டுப் படத்தை மட்டும் போட்டேன். நீதிபதி தீர்ப்பு எழுதிய தாளைக் கையில் எடுக்கும் இடத்தில் படம் சிக்கி நின்றது. துடைத்துப் போட்டேன், அங்கேயே நின்றது. ரீசார்ஜ் கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். அவர் மாட்டவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். அந்தச் சாட்சி மாட்டினானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. உப்புக்காற்றில் டிஸ்க்குகளின் வெள்ளி உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. எந்தக் கடையிலும் டிவிடி இல்லை. கருவியைக் கணினியிலிருந்து கழற்றி அதே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்; அன்று பேருந்தில் மடியில் வைத்துவந்த பெட்டிதான். வாரண்டிச் சீட்டு உள்ளேயே இருக்கிறது. அதன் கெடு முடிந்தபோது அவள் போய் எட்டு மாதமாகியிருந்தது. மகன் கேட்கிறான், இதையெல்லாம் ஏன் பழைய சாமான்காரருக்குப் போடவில்லை என்று. கணக்கு முடியவில்லை என்று அவனிடம் சொல்வதில்லை. அவளிடம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேனே. உள்ளபடி கணக்கு இதுதான். கருவியும் நூறு டிஸ்க்கும் ஐயாயிரத்து நானூறு. அவள் உண்மையாகப் பார்த்த படங்கள் அறுபத்தொன்று. படத்துக்கு நடைபாதை விலை அறுபது ரூபாய் வீதம் மூவாயிரத்து அறுநூற்று அறுபது. பேருந்துக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. அன்று நான் எப்படியும் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். அந்த வரவு போக, எனக்கு நட்டமாக நின்றது ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.